ஐ லவ் யூ – கணக்கில் வரவு வைக்கவும்!

காதல் பாட்டு எழுத என்ன வேண்டும்? காதல் வேண்டும் என்றுதானே சொல்லப் போகிறீர்கள்? அதுதான் இல்லை.

உலகத்தை உருக வைத்த சில இங்கிலீஷ் காதல் பாட்டுகளின் பூர்வீகத்தைத் தோண்டிப் பார்த்தேன். ஒன்று, ஜெயில் படத்துக்காக எழுதியது. இன்னொன்று, கல்யாணம் முறிந்துகொண்டிருந்தபோது எழுதியது. மூன்றாவது, ஒரு கொத்தனார் டி.வி.யில் பக்திப் பாட்டு கேட்டுவிட்டு எழுதியது. நாலாவது... சாட்சாத் ராஜினாமாக் கடிதம்!

நாலும் நம்பர் ஒன். நாலையும் போட்டுக்கொண்டு கை கோத்து ஆடிய ஜோடிகள் உலகம் முழுக்க லட்சக்கணக்கில்.

'பி.காம். படித்தவனுக்குப் பாட்டில் என்னய்யா வேலை?' என்று கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நல்ல பாட்டு கேட்டால் கவிஞர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். எங்கள் வர்க்கம் கண்ணைத் திறந்து, 'செக் யார் பேருக்குப் போகுது?' என்று கேட்கும். இந்த வாரம் அந்தக் கேள்விதான். காதல் யாருக்கு வேண்டுமானாலும் இருக்கட்டும், பணம் யாருக்கு?

* * *

முதலில் இந்த 'சார்ட்' சமாசாரத்தைப் பார்த்துவிடுவோம். நம்பர் ஒன், நம்பர் டூ என்கிறார்களே, யார் வைத்த பரீட்சை இது?

1952 வரைக்கும் இங்கிலாந்தில் எந்த இசைத்தட்டு அதிகம் விற்கிறது என்று வாராவாரம் சொல்ல ஒரு பட்டியல் கிடையாது. 'நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்' என்று ஒரு வாரப் பத்திரிகை. அதில் விளம்பரம் பிடிக்கிற பொறுப்பு பெர்சி டிக்கின்ஸ் என்பவருக்கு. மனிதர் ஒரு காரியம் செய்தார். இருபது கடைகளுக்குப் போனைப் போட்டு, 'இந்த வாரம் எது நல்லா ஓடுது?' என்று விசாரித்து எழுதிக் கூட்டிப் போட்டார். 1952 நவம்பர் 14 அன்று பட்டியல் அச்சில் வந்தது. முதலிடம், ஆல் மார்ட்டினோ பாடிய ஒரு காதல் பாட்டு. ஒன்பது வாரம் இறங்கவே இல்லை.

ஆக, சார்ட் என்பது ரசிகர்களின் இதயத் துடிப்பு அல்ல. விளம்பரக்காரர் ஒருவர் போனில் எடுத்த சரக்குக் கணக்கு! பட்டியல் வந்தால் இசைத்தட்டுக் கம்பெனிகள் விளம்பரம் தருவார்கள் என்பது ஐடியா.

வேடிக்கை என்னவென்றால், அதே 1952 டிசம்பரில் நம் பக்கத்திலேயே இலங்கை வானொலி, பினாகா கீத்மாலாவை ஆரம்பித்தது. அமீன் சயானியின் குரலில் இந்தி சினிமாப் பாட்டுகள். பின்னால் அதுவும் வாராவாரம் ரேங்க் போட ஆரம்பித்து, இந்தியா முழுக்க ரேடியோவைச் சுற்றி உட்கார வைத்தது. செலவு, பற்பசைக் கம்பெனியுடையது. அங்கே பத்திரிகைக்கு விளம்பரம், இங்கே பல்லுக்கு விளம்பரம். பாவம், காதலுக்கு யாரும் விளம்பரம் கொடுக்கவில்லை. அது தானாகவே ஓடியது.

* * *

சரி, ஜெயில் பாட்டுக்கு வருவோம்.

1955-ல் 'அன்செய்ண்ட்' என்று ஒரு படம். கலிபோர்னியாவில் ஒரு ஜெயில், அதில் ஒரு கைதி, வெளியே குடும்பம். இசை அலெக்ஸ் நார்த். ஒரு பாட்டு வேண்டும் என்று ஹை ஸாரெட் என்ற பாடலாசிரியரிடம் போனார். ஸாரெட் முதலில் முடியாது என்றாராம். காரணம்? வீட்டுக்கு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்! (கவிஞர்களிடம் எனக்கு மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.) அப்புறம் மனசு மாறி எழுதிக் கொடுத்தார். 'படத்தின் பேரை எப்படியாவது பாட்டுக்குள்ளே கொண்டு வாங்க சார்' என்று கேட்டிருக்கிறார்கள். மறுத்துவிட்டார். அதனால் 'அன்செய்ண்ட் மெலடி' என்று பேர் வைத்த பாட்டில் 'அன்செய்ண்ட்' என்ற வார்த்தை தேடினாலும் கிடைக்காது.

அந்தப் பிடிவாதம்தான் பாட்டைக் காப்பாற்றியது என்பது என் கட்சி. சங்கிலி, விலங்கு என்று எழுதியிருந்தால் படத்தோடு பெட்டிக்குள் போயிருக்கும். பிரிந்திருக்கிறவனின் ஏக்கத்தை மட்டும் எழுதினார். பிரிவு கைதிக்கு மட்டுமா சொந்தம்? பட்டாளத்துக்காரன், கப்பல்காரன், துபாய்க்காரன் எல்லாருக்கும் பொது.

விளைவைப் பாருங்கள். 1955-லேயே இங்கிலாந்தில் ஒரே சமயத்தில் நாலு பேர் பாடிய நாலு இசைத்தட்டு பட்டியலில் இருந்தன. ஜிம்மி யங் பாடியது முதலிடம். 1965-ல் அமெரிக்காவில் ரைட்டியஸ் பிரதர்ஸ் என்ற ஜோடி பாடினார்கள். 'ஜோடி' என்றாலும் இந்தப் பாட்டைப் பாடியவர் பாபி ஹாட்ஃபீல்ட் ஒருவர்தான். அதுவும் இசைத்தட்டின் பின்பக்கத்தில் போட்ட பாட்டு. ரேடியோக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தையே ஹிட் ஆக்கினார்கள்.

அப்புறம் 25 வருஷம் கழித்து, 1990-ல் 'கோஸ்ட்' படம். பானை செய்கிற சக்கரத்துக்கு முன்னால் டெமி மூரும் பாட்ரிக் ஸ்வேயும் களிமண்ணைப் பிசைகிற சீன் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். (இருக்காது என்று சொல்கிற ஆண்களை நம்பாதீர்கள்.) பின்னணியில் அதே 1965 பாட்டு. மறுபடி கிராக்கி! பழைய ரெகார்டு ஒருபுறம் ஏற, அதே பாடகர்கள் புதிதாகப் பாடிய ரெகார்டு இன்னொருபுறம் ஏற, அமெரிக்கப் பட்டியலில் இரண்டும் ஒரே சமயத்தில். தன் நிழலோடு தானே ரேஸ் ஓடுகிற மாதிரி. இங்கிலாந்தில் பழையதே முதலிடம். அதோடு விட்டதா? 1995-ல் ராப்சன் - ஜெரோம், 2002-ல் கேரத் கேட்ஸ் என்று இரண்டு தடவை மறுபடி முதலிடம். ஆக மொத்தம் ஒரே பாட்டு, நாலு வேறு வேறு குரலில் இங்கிலாந்தில் நம்பர் ஒன்.

பாடியவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ராயல்டிக் கணக்கில் மாறாதது இரண்டே பேர்: நார்த், ஸாரெட். இதைப் பார்த்து வாயில் எச்சில் ஊறிய ஒரு எலக்ட்ரிகல் என்ஜினீயர், 'ஹை ஸாரெட் என்பது என் புனைபெயர், பாட்டு எழுதினதே நான்தான்' என்று பல வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தார். தன் பெயரையே அப்படி மாற்றிக்கொண்டார்! கடைசியில் வழக்கு நிஜ ஸாரெட்டுக்குச் சாதகமாக முடிந்தது. நிஜ ஸாரெட் 2007-ல் காலமானபோது வயது 99. நூறுக்கு சில வாரம்தான் பாக்கி.

* * *

அடுத்தது, கல்யாணம் முறிந்த பாட்டு.

1982. 'போலீஸ்' என்ற ராக் குழுவின் பாடகர் ஸ்டிங், மனைவியைப் பிரிந்து ஜமைக்காவில் போய் உட்கார்ந்திருக்கிறார். தங்கிய இடம், ஜேம்ஸ் பாண்டைப் படைத்த இயன் ஃபிளெமிங்கின் பழைய வீடு. அங்கே பிறந்ததுதான் 'எவ்ரி பிரெத் யூ டேக்'. 1983-ல் அமெரிக்காவில் 8 வாரம், இங்கிலாந்தில் 4 வாரம் முதலிடம்.

மேலாகக் கேட்டால் தாலாட்டு. கொஞ்சம் கவனித்துக் கேட்டால் வயிற்றைக் கலக்கும். போன பெண்ணை ஒருவன் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அவள் என்ன செய்தாலும் கண்காணிக்கிறான். அதைக் காதல் என்று சொல்லக்கூடாது சார், ஸ்டேஷனில் கம்ப்ளெயின்ட் கொடுக்கவேண்டிய கேஸ்! எழுதிய ஸ்டிங்கே இது ரொம்ப வக்கிரமான பாட்டு, பொறாமையும் கண்காணிப்பும்தான் இதன் விஷயம் என்று பல பேட்டிகளில் சொல்லிவிட்டார். யார் கேட்கிறார்கள்? 'எங்க கல்யாணத்துல உங்க பாட்டுதான் சார் போட்டோம்' என்று வந்து கை குலுக்குகிறார்களாம்.

எனக்கென்னவோ ஜனங்கள் மேல் தப்பு சொல்லத் தோன்றவில்லை. மெட்டு ஒன்று சொல்கிறது, வார்த்தை ஒன்று சொல்கிறது. மனுஷன் மெட்டைத்தான் நம்புவான். நம் வீட்டில் 'ஒண்ணும் கோபமில்லை' என்று சொல்கிற குரலில் வார்த்தையை நம்பினீர்களா, மெட்டை நம்பினீர்களா? அதேதான்.

இங்கேயும் கணக்குப் புத்தகத்தைத் திறப்போம். இந்தப் பாட்டைக் கேட்டதும் முதலில் காதில் விழுவது கிடார். தந்தியை மீட்டி மீட்டிப் போகிற அந்த நகாசு, ஆண்டி சம்மர்ஸ் என்ற கிடார்காரருடையது. ஆனால் 'இயற்றியவர்' என்ற இடத்தில் ஸ்டிங் பெயர் மட்டும்.

1997-ல் பஃப் டாடி என்ற ராப் பாடகர், சுட்டுக் கொல்லப்பட்ட தன் நண்பருக்கு அஞ்சலியாக ஒரு பாட்டு போட்டார். அடித்தளம் முழுக்க அதே கிடார். முன்கூட்டி அனுமதி வாங்கவில்லை. பாட்டு அமெரிக்காவில் 11 வாரம் முதலிடம். அனுமதி வாங்காத பாட்டுக்கு ராயல்டி? ஸ்டிங்குக்கு! கிடார் வாசித்தவர் கையைப் பிசைந்துகொண்டு ரேடியோவில் தன் கிடாரையே கேட்டுக்கொண்டிருந்தார். 2025-ல் சம்மர்ஸும் டிரம்ஸ் வாசித்த ஸ்டூவர்ட் கோப்லாண்டும் ராயல்டி பாக்கி கேட்டு ஸ்டிங் மேல் லண்டன் ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். பாட்டு வந்து 42 வருஷம் கழித்து! மூன்று நண்பர்கள் ஒரு ரூமில் உட்கார்ந்து வாசித்தபோது, 'எவ்வளவு யாருக்கு' என்று ஒரு முழு வெள்ளைத்தாளில் தெளிவாக எழுதியிருந்தால் வக்கீல்களுக்கு வேலை இருந்திருக்காது.

* * *

இப்போது நம்ம கொத்தனார்.

ரெக் பிரெஸ்லி. இங்கிலாந்தில் ஆண்டோவர் என்ற ஊர். செங்கல் அடுக்குகிற வேலை. 'டிராக்ஸ்' என்ற குழுவில் பாடுவார். 1966-ல் 'வைல்ட் திங்' என்ற பாட்டு வெளிவந்து, அமெரிக்காவிலேயே நம்பர் ஒன் ஆனது. கரணையைக் கீழே வைத்தார். ஆனால் அந்தப் பாட்டை எழுதியவர் வேறொருவர்.

மறு வருஷம் டி.வி.யில் இரட்சணிய சேனையைச் சேர்ந்த பாட்டுக் குழு ஒன்று பாடுவதைப் பார்த்தார். சுற்றிலும் அன்பு நிறைந்திருக்கிறது என்கிற மாதிரியான கருத்து. மனசில் ஒட்டிக்கொண்டது. உட்கார்ந்து தானே ஒரு பாட்டு எழுதினார். 'லவ் இஸ் ஆல் அரௌண்ட்'. இங்கிலாந்தில் 5-வது இடத்தோடு நின்றது. அவ்வளவுதான், எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

27 வருஷம் கழித்து, 1994-ல் 'ஃபோர் வெட்டிங்ஸ் அண்ட் எ ஃப்யூனரல்' என்ற படத்துக்காக வெட் வெட் வெட் என்ற குழு அதை மறுபடி பாடியது. 15 வாரம் முதலிடம்! ஜனங்களுக்கு அலுத்ததோ இல்லையோ, பாடியவர்களுக்கே அலுத்துப்போய், 'போதும், கடைக்கு அனுப்பாதீங்க' என்று இசைத்தட்டை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால், 1991-ல் பிரையன் ஆடம்ஸ் ராபின் ஹூட் படப் பாட்டுக்கு வைத்த 16 வாரத் தொடர் சாதனையைத் தொட்டிருப்பார்கள்.

கவனியுங்கள். நம்பர் ஒன் ஆன பாட்டு வேறொருவர் எழுதியது. ஐந்தாவது இடத்தோடு நின்ற பாட்டு அவரே எழுதியது. வயசான காலத்தில் கொட்டிக் கொடுத்தது எது? ரேங்க் கார்டு வேறு, பேங்க் பாஸ்புக் வேறு என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

வந்த பணத்தை என்ன செய்தார்? வீடு, நிலம்? ஊஹூம். இங்கிலாந்தில் கோதுமை வயல்களில் ராத்திரியோடு ராத்திரியாகப் பெரிய பெரிய வட்டங்கள் தோன்றுமே, வேற்றுக்கிரகவாசிகள் வந்து போட்டது என்று பேப்பரில் எல்லாம் வந்ததே... அந்த ஆராய்ச்சிக்குச் செலவு செய்தார்! 1991-லேயே இரண்டு பெரியவர்கள், 'பலகையும் கயிறும் வச்சு நாங்கதான் பண்ணினோம்' என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது. நம்மவர் அசரவில்லை. புத்தகமே எழுதினார். 2013-ல் காலமானார். என்னைக் கேட்டால், சொந்தமாக எழுதிச் சம்பாதித்த காசு. வட்டம் பார்க்கட்டும், சதுரம் பார்க்கட்டும், கேட்க நாம் யார்?

* * *

நாலாவதுக்குப் போவதற்கு முன்னால் ஒரு சின்ன ஆடிட் நோட்.

அமெரிக்காவில் 'பில்போர்டு' பத்திரிகையின் 'ஹாட் 100' பட்டியல் 1958 ஆகஸ்டில் ஆரம்பம். முப்பது வருஷத்துக்கு மேல் அதுவும் ஏறக்குறைய பெர்சி டிக்கின்ஸ் முறைதான். கடைக்காரர் சொன்னால் சொன்னது. சொல்கிறவர் கம்பெனிக்காரர்களுக்கு வேண்டியவராக இருந்தால்? அல்லது அவருக்கே ஒரு பாட்டு அலுத்துவிட்டால்? 1991-ல் நிலைமை மாறியது. கடை கவுன்டரில் பார்கோடு பதிகிற விற்பனையை அப்படியே கம்ப்யூட்டரில் எடுத்தார்கள். ரேடியோவில் என்ன ஒலிபரப்பாகிறது என்பதையும் மெஷினே கேட்டுக் குறித்தது.

மெய்யான கணக்கு வந்ததும் ஒரு குட்டு வெளிப்பட்டது. ஜனங்கள் ஒரு காதல் பாட்டைப் பிடித்தால், பட்டியல்காரர்கள் நினைத்ததைவிட ரொம்ப நாள் விடமாட்டார்கள்! 1992-ல் பாய்ஸ் டூ மென் குழுவின் பிரிவுப் பாட்டு 13 வாரம். அது என்ன பிரமாதம் என்று அதே வருஷக் கடைசியில் வந்தது ஒரு பெண் குரல். 14 வாரம்.

அதுதான் நம் ராஜினாமாக் கடிதம்.

* * *

டாலி பார்ட்டன். டென்னஸி மலைப் பக்கத்து ஏழைக் குடும்பத்தில் பன்னிரண்டு குழந்தைகளில் ஒருவர். 1967-ல் போர்ட்டர் வேகனர் என்ற பிரபல பாடகரின் டி.வி. நிகழ்ச்சியில் சேர்ந்தார். ஏழு வருஷம். பேரும் வந்தது, கூடவே வேகனரின் நிழலிலிருந்து வெளியே போகவேண்டும் என்ற எண்ணமும் வந்தது. 'போகிறேன்' என்றால் அவர் விடுகிறதாக இல்லை. ஒரே வாக்குவாதம். பேசிப் புரிய வைக்க முடியாது என்று தெரிந்ததும், டாலி வீட்டுக்குப் போய் ஒரு பாட்டு எழுதினார். நன்றி, மரியாதை, பாசம், அதோடு 'வருகிறேன்'. மறுநாள் போய் அவர் எதிரில் உட்கார்ந்து பாடிக் காட்டினார். வேகனர் அழுதுவிட்டார். போகலாம், ஆனால் இந்தப் பாட்டின் ரெகார்டிங்கை நான்தான் செய்வேன் என்றார்.

'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'. புருஷனுக்கோ காதலனுக்கோ இல்லை சார், முதலாளிக்கு! நாம் எழுதுகிற ராஜினாமாவில் 'சொந்தக் காரணங்களுக்காக' என்ற ஒரு வரிதான் வருகிறது.

1974-ல் கன்ட்ரி பட்டியலில் முதலிடம். 1982-ல் ஒரு படத்துக்காக டாலியே மறுபடி பாட, மறுபடி முதலிடம். நடுவில்தான் கதையின் உச்சகட்டம்.

எல்விஸ் பிரெஸ்லிக்கு இந்தப் பாட்டு பிடித்துவிட்டது. பாடப் போகிறார் என்று செய்தி. டாலிக்குத் தலைகால் புரியவில்லை. ரெகார்டிங் நெருங்கும் சமயம் எல்விஸின் மேனேஜர் கர்னல் டாம் பார்க்கரிடமிருந்து போன். (கர்னல் என்பது பட்டாளத்தில் வாங்கியதில்லை. லூசியானா கவர்னர் கொடுத்த கௌரவப் பட்டம். எல்விஸ் சம்பாத்தியத்தில் பாதிவரை கமிஷன் எடுத்த புண்ணியவான்.) 'எல்விஸ் பாடவேண்டும் என்றால் பாட்டின் பதிப்புரிமையில் பாதியை எழுதிக் கொடுக்கவேண்டும். அதுதான் எங்கள் வழக்கம்.'

யோசித்துப் பாருங்கள். கேட்பது யாருக்காக? எல்விஸ்! பாதி போனாலும் மீதிப் பாதியில் லட்ச லட்சமாகக் கொட்டும். ஊரே 'கையெழுத்துப் போடும்மா' என்றுதான் சொல்லும். டாலி முடியாது என்றார். அன்று ராத்திரி பூராவும் அழுததாக அவரே சொல்லியிருக்கிறார். எல்விஸ் குரலில் அந்தப் பாட்டு இசைத்தட்டாக வரவே இல்லை.

1992. 'தி பாடிகார்ட்' படம். விட்னி ஹூஸ்டனுக்கு வேறு ஒரு பழைய பாட்டைத்தான் முடிவு செய்திருந்தார்கள். அது இன்னொரு படத்தில் வந்துவிட்டது. கதாநாயகன் கெவின் காஸ்ட்னர்தான் இந்தப் பாட்டைச் சொன்னார். ஆரம்பத்தில் வாத்தியமே இல்லாமல் வெறும் குரல் மட்டும் வரவேண்டும் என்று அடம் பிடித்ததும் அவர்தான். ரேடியோவில் எடுபடாது என்று பயந்தவர்கள் பயந்துகொண்டே இருக்க, 14 வாரம் முதலிடம். படத்தின் ஆல்பம் உலகம் பூராவும் 4 கோடிக்கு மேல் விற்றது.

டாலி அதை முதலில் முழுசாகக் கேட்டது காரில் போகும்போது, ரேடியோவில். திக்குமுக்காடிப் போய் வண்டியை ஓரம் கட்டவேண்டியதாகிவிட்டதாம்.

இப்போது கணக்கு. ஒரு ரெகார்டில் இரண்டு சொத்து இருக்கிறது. ஒன்று பாட்டு, அதாவது வார்த்தையும் மெட்டும். இன்னொன்று அந்தப் பாட்டை ஒருவர் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு. நிலம் ஒன்று, அதன் மேல் கட்டடம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டடத்தை யார் எப்போது இடித்துக் கட்டினாலும், நிலத்துக்காரருக்கு வாடகை வந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவில் இன்னொரு விசேஷம்: சாதாரண ரேடியோவில் பாட்டு ஒலிபரப்பானால் எழுதியவர் தரப்புக்குத்தான் பணம், பாடியவருக்குக் கிடையாது. விட்னியின் குரல் ரேடியோவில் வந்தபோதெல்லாம் டாலியின் கணக்கில் வரவு!

அந்தப் பணத்தில் நாஷ்வில் நகரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில் ஒரு கட்டட வளாகம் வாங்கினேன், அதை விட்னி கட்டிய வீடு என்றே நினைத்துக்கொள்வேன் என்று 2021-ல் டாலி சொன்னார். 2012-ல் விட்னி காலமானபோது அதே பாட்டு மறுபடி பட்டியலில் ஏறி 3-வது இடம் வரை வந்தது. பழைய முதலாளி வேகனர் 1979-ல் டாலி மேல் கேஸ் போட்டு, கோர்ட்டுக்கு வெளியே பைசல் ஆனது. அதையும் மீறி, 2007-ல் அவருடைய கடைசி நேரத்தில் டாலி படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தார். பாட்டில் எழுதிக் கொடுத்த வாக்கு. காப்பாற்றிவிட்டார்.

* * *

இதையெல்லாம் நான் தோண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. என் அக்கா பையன். இருபத்திரண்டு வயசு. லேப்டாப்பையும் ஒரு கீபோர்டையும் வைத்துக்கொண்டு அவனே எழுதி, அவனே மெட்டுப் போட்டு, அவனே பாடுவான். போன மாதம் ஒரு கம்பெனி பிடித்துக்கொண்டது. ஒரு பாட்டுக்கு நாற்பதாயிரம் ரூபாய். பன்னிரண்டு பக்கத்துக்கு ஒரு அக்ரிமென்ட்.

"மாமா, படிச்சுப் பாருங்களேன்" என்று நீட்டினான்.

ஏழாவது பக்கத்தில் இருந்தது: வார்த்தை, மெட்டு, ஒலிப்பதிவு, உலகம் முழுக்க, என்றென்றைக்கும், எல்லா உரிமையும்.

"டேய், உனக்கு என்னடா மிச்சம்?"

"பாட்டுல என் பேர் வரும் மாமா."

அத்திம்பேர் குறுக்கே வந்தார். "கையில வர்ற லட்சுமியை எட்டி உதைக்கச் சொல்றியா? வீட்டு லோன் யார் கட்டறது?" அவர் சொல்வதும் நியாயம். டாலி மறுத்தபோது அவரிடம் ஏற்கெனவே நம்பர் ஒன் பாட்டு இருந்தது. இவனிடம் இருப்பது ஒரு பழைய லேப்டாப்.

நான் சொன்னது இதைத்தான். நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் ஒரு திருத்தம் வந்திருக்கிறது. ராஜ்யசபாவில் ஜாவேத் அக்தர் போராடிக் கொண்டு வந்த விஷயம். பாட்டு எழுதினவரும் மெட்டுப் போட்டவரும் உரிமையைக் கம்பெனிக்கு விற்றாலும், அந்தப் பாட்டைப் பின்னால் பயன்படுத்தும்போது வருகிற ராயல்டியில் சம பங்கை விட்டுக் கொடுக்க முடியாது. வாரிசுக்குக் கொடுக்கலாம், அல்லது வசூலித்துத் தருகிற காப்புரிமைச் சங்கத்திடம் ஒப்படைக்கலாம். வேறு யாருக்காவது எழுதிக் கொடுத்தால் செல்லாது. எத்தனை வருஷத்துக்கு என்று பத்திரத்தில் எழுதாவிட்டால் ஐந்து வருஷம் என்றுதான் அர்த்தம். எந்த ஊருக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். நம் சட்டப்படி எழுதினவர் ஆயுசுக்கும், அதற்குப் பின்னால் 60 வருஷத்துக்கும் அது சொத்து. இவன் இருபத்திரண்டு வயசில் எழுதின பாட்டு இவன் பேரன் காலத்திலும் வாடகை தரும்.

"ஒலிப்பதிவை அவங்க வச்சுக்கட்டும்டா. பாட்டு உன்னோடது. ராயல்டி பங்கை ஏழாம் பக்கத்திலே எழுதித் தரச் சொல்லு. எழுதித் தந்தா நாற்பதுக்கு பதில் முப்பதுன்னாலும் வாங்கிக்கோ."

பையன் அப்படியே மெயில் அனுப்பினான். கம்பெனியிலிருந்து மூன்று வாரமாகப் பதில் இல்லை. அத்திம்பேர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அக்கா மட்டும் காபி கொடுக்கிறாள், சர்க்கரை கொஞ்சம் குறைவாக.

பதில் வருமா, வராதா? எனக்குத் தெரியாது. வராமல் போனால் நாற்பதாயிரம் போச்சு என்று வாழ்நாள் பூராவும் சொல்லிக் காட்டுவார்கள், கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். பையனைக் கேட்டேன், "வருத்தமாடா?" என்று. "ஒரு ராத்திரி தூக்கம் வரலை மாமா. அப்புறம் எழுந்து இன்னொண்ணு எழுதிட்டேன்" என்றான்.

என்ன பாட்டு என்று விசாரித்தேன். காதல் பாட்டுதானாம்.

"யாருடா அந்தப் பொண்ணு?"

"பொண்ணெல்லாம் இல்லை மாமா. அந்தக் கம்பெனியை நினைச்சு எழுதினேன். கூப்பிடறேன்னுட்டுக் கூப்பிடாமலே இருக்காங்க பாருங்க, அந்த ஏக்கம்!"

பையன் பிழைத்துக்கொள்வான்.